விலை குறைந்த கார் பேட்டரியைப் போட்டுப் பார்க்கலாமா? போட்டால் எப்படிச் சோதிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. சென்னையில் பத்து ஆண்டுகளாக ஓடும் பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி இப்போது காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் 35 ஆம்பியர்-மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்ற கொள்ளளவின் அலகு) பேட்டரிக்கு, பழையதை எடுத்துக்கொண்டு, 4,800 ரூபாய் கேட்கிறார்கள். வாரண்டி 24+24 மாதம். பக்கத்துக் கடைக்காரரோ அதிகம் கேள்விப்படாத பெயர் கொண்ட ஒரு பேட்டரியை 3,000 ரூபாய்க்கு, 18 மாத வாரண்டியோடு தருவதாகச் சொல்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குள் வண்டியை விற்றுவிடும் எண்ணத்தில் இருப்பவர், இந்த மலிவான பேட்டரியைப் போட்டுப் பார்க்கலாமா, போட்டால் அது தேறுமா தேறாதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

போட்டுப் பார்க்கலாம். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆவதை வைத்து அந்தப் பேட்டரிக்கு மதிப்பெண் போடக் கூடாது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றும், அது இரண்டு வினாடி சுழல்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். செலவாவது 300 ஆம்பியர்-வினாடி, அதாவது ஓர் ஆம்பியர்-மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெட்டியின்மேல் 35 என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 20 ஆம்பியர்-மணிக்கான சரக்கை மட்டும் வைத்திருந்தாலும், சென்னை வெப்பநிலையில், புதிதாக இருக்கும்வரை அது இன்ஜினைத் தயங்காமல் சுழற்றிவிடும். கடைக்காரர் பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, "பாத்தீங்களா சார், எப்படி எடுக்குதுன்னு" என்று சொல்லும் அந்தக் கணத்தில் நமக்குத் தெரியவருவது கேபிள் சரியாக மாட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும்தான். மலிவான பேட்டரியில் குறைக்கப்படுவது கொள்ளளவும் ஆயுளும். இரண்டுமே ஸ்டார்ட் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாதவை.

வாங்குவதற்கு முன், பழைய பேட்டரிதான் குற்றவாளியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு ஆண்டு என்பது நம் வெயிலில் ஒரு பேட்டரிக்கு நல்ல ஆயுள்தான், ஆகவே அது முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் செலவிட்டால், புதுப் பேட்டரியும் ஆறு மாதத்தில் படுத்துவிடும் நிலையைத் தவிர்க்கலாம். இன்ஜின் ஓடும்போது, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி, ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டுவிட்டு, பேட்டரி டெர்மினல்களில் அளந்து பாருங்கள். உங்கள் வண்டி போன்ற பழைய அமைப்பில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் ஒழுங்காக இருக்கிறது. 13.2-க்குக் கீழே கிடந்தால் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. 15-ஐத் தொட்டால் எந்தப் பேட்டரியைப் போட்டாலும் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். புதிய கார்களில் கணினியே ஆல்டர்நேட்டரின் வோல்டேஜை ஏற்றி இறக்கும் என்பதால் இந்த எண்களை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது, வண்டி நிற்கும்போது திருட்டுத்தனமாக இழுக்கப்படும் மின்சாரம். பத்து ஆண்டு ஓடிய வண்டியில் யாராவது ஒரு பெரிய திரை ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா என்று ஏதாவது சேர்த்திருப்பார்கள். எல்லாக் கதவுகளையும் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, வண்டியின் கணினிகளான கண்ட்ரோல் யூனிட்டுகள் உறங்கிய பிறகு நெகட்டிவ் கேபிளில் அளந்தால் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதுவே 100 மில்லிஆம்பியராக இருந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி போகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் 35-இல் ஏறக்குறைய பாதி காலி. நல்ல பேட்டரி அந்தப் பாதியை வைத்துச் சமாளித்துவிடும். உள்ளே 25 மட்டுமே உள்ள மலிவான பேட்டரி அப்போதுதான் தன் சாயத்தை வெளுக்கும். மலிவான பேட்டரியைப் போட முடிவு செய்பவருக்கு இந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது இரட்டிப்பு அவசியம்.

இனி, விலை எங்கே குறைகிறது என்பதைப் பார்க்கலாம். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில மின்கலத்தின் வேதியியல்தான் இன்றைக்கும் நம் பானெட்டுக்குள் இருக்கிறது: ஈய டை ஆக்சைடு பூசிய பாசிட்டிவ் தகடு, பஞ்சு போன்ற ஈயம் பூசிய நெகட்டிவ் தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம், இப்படி ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட். இதில் செலவின் பெரும்பகுதி ஈயத்துக்கே போகிறது. எனவே விலையைக் குறைக்க வேண்டுமானால் தகட்டின் தடிமனைக் குறைக்க வேண்டும், அல்லது ஓர் அறையில் உள்ள தகடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது மறுசுழற்சி செய்த ஈயத்தைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பயன்படுத்த வேண்டும். சுத்தமில்லாத ஈயத்தில் தானாக இறங்கும் வேகம் அதிகம். தகடு மெலிந்தால் அரிப்பில் சீக்கிரம் உடையும். இதில் ஒரு விநோதம் என்னவென்றால், மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கினால் குளிர்-ஸ்டார்ட் ஆம்பியர் எண் கூடுதலாகவே வரும். அந்த எண் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 வினாடி தரக்கூடிய மின்னோட்டத்தைக் குறிப்பது. மைனஸ் 18 டிகிரியை நம் ஊர் எந்நாளும் காணப்போவதில்லை. ஆகவே பெட்டியில் அந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இங்கே பேட்டரியைக் கொல்வது குளிர் அல்ல, வெப்பம்: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. கத்திரி வெயிலில், ஏசி ஓட, சிக்னலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் என்ன நிலைமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இதுவும் பெரிய கம்பெனி சரக்குதான் சார், ஸ்டிக்கர் மட்டும்தான் வேற" என்று கடையில் சொல்வார்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். எஸ்எஃப் சோனிக் என்பது எக்ஸைடு நிறுவனத்தின் இன்னொரு பெயர். பவர்ஸோன் என்பது அமரான் பேட்டரியைச் செய்யும் அமர ராஜா நிறுவனத்துடையது. எக்ஸைடுக்கு ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது. அமர ராஜாவுக்குத் திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலும் சித்தூரிலும் இருக்கின்றன. பணத்தை மிச்சப்படுத்த விரும்புபவருக்கு என் முதல் பரிந்துரை இத்தகைய இரண்டாம் வரிசைப் பெயர்கள்தான், அல்லது அதே பெரிய நிறுவனத்தின் குறைந்த வாரண்டி கொண்ட மாடல்தான். தயாரிப்பாளர் யார் என்பதைக் கடைக்காரரின் வாயிலிருந்து கேட்காதீர்கள். பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்கும், அதைப் படியுங்கள். விற்பவரின் பெயர் மட்டும் இருந்து தயாரித்தவரின் பெயர் இல்லாத பெட்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அதைவிட மோசமானது, பழைய பேட்டரியில் அமிலத்தை மாற்றி, சார்ஜ் ஏற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ரீகண்டிஷன் சரக்கு. டெர்மினலில் கிளாம்ப் பிடித்த கீறல், சுரண்டி மெருகேற்றிய பளபளப்பு, பெட்டியின் அடிப்பாகத்தில் ட்ரேயில் உட்கார்ந்த தேய்மானம் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

அளவில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உங்கள் பழைய பேட்டரியின்மேல் 38பி20எல் என்று இருந்தால், அதில் 38 என்பது செயல்திறன் நிலை, பி என்பது பெட்டியின் அகலமும் உயரமும், 20 என்பது சென்டிமீட்டரில் ஏறக்குறைய நீளம், எல் என்பது டெர்மினல் இருக்கும் பக்கம். எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிவிடும். கேபிள் எட்டாது, அல்லது இழுத்துக் கட்டினால் எங்காவது உரசும். இந்தச் சிறிய பெட்டிகளில் மெல்லிய டெர்மினலும் தடித்த டெர்மினலும் கொண்ட இரு வகைகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லியதன் பாசிட்டிவ் விட்டம் 14.7 மில்லிமீட்டர், தடித்ததன் விட்டம் 19.5. தடித்ததற்கான கிளாம்பை மெல்லியதன்மேல் போட்டு, இடைவெளியில் தகரத் துண்டையோ கம்பியையோ செருகி இறுக்கிவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அந்த இணைப்பு சூடாகும், தளரும், பிறகு பழி பேட்டரிமேல் விழும். அதற்கென்றே ஈய வளையம் விற்கிறது. அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய வேலைகள் இன்னும் சில உண்டு. முதலாவது, தயாரிப்புத் தேதி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் குறியிடும். புரியாவிட்டால் கேட்டு வாங்குங்கள், சொல்லத் தயங்கினால் அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் விற்காத பெயர் என்றால் சரக்கு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்திருக்கும், பேட்டரி சும்மா கிடந்தாலே இறங்கும், இறங்கிக் கிடந்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போகும். மூன்று மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. ஆறு மாதத்தைத் தாண்டியதை நான் தொட மாட்டேன். இரண்டாவது, வோல்டேஜ். எந்தச் சுமையும் இல்லாமல் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிரம்பியிருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதிதான். புதுப் பெட்டியில் 12.3 காட்டினால், "போட்டு ஓட்டினால் ஏறிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். மூன்றாவது, எடை. கடையில் தராசு இருந்தால் ஒரே அளவுள்ள பெயர்பெற்ற பேட்டரியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அமிலம் நிறைந்திருக்கும் நிலையில் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், காணாமல் போனது ஈயம்தான். இதைவிட எளிமையான, ஏமாற்றக் கடினமான சோதனை எனக்குத் தெரியாது.

மலிவான பேட்டரிகளில் சில இன்னும் அமிலம் இல்லாமல் கடைக்கு வந்து, விற்கும்போதுதான் நிரப்பப்படுகின்றன. அதில் தவறில்லை, சொல்லப்போனால் அலமாரியில் கிடந்து கெடாது என்பதால் நல்லதுகூட. ஆனால் அமிலம் ஊற்றிய பிறகு தகடுகள் ஊறக் கொஞ்சம் நேரம் விட்டு, பிறகு முறையாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஊற்றிய கையோடு மாட்டி அனுப்பினால் அந்தப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை ஒருபோதும் எட்டாமல் போகலாம். அன்றைக்கே வண்டி வேண்டும் என்று அவசரப்படாமல், ஓர் இரவு சார்ஜில் விட்டு மறுநாள் வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போன்ற நேர்மையான கருவி வேறில்லை. ரப்பர் குமிழை அழுத்தி, குழாயை அறைக்குள் விட்டு, அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே மிதவை எழுந்து நிற்கும். திரவ மட்டத்தில் உள்ள கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். முழுச் சார்ஜில் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த கணக்கு) 1.240 முதல் 1.280 வரை, தயாரிப்பாளரைப் பொறுத்து, இருக்கலாம். வெப்பமான நாடுகளுக்கென்று செய்தவற்றில் சற்றுக் குறைவாகவே வைப்பார்கள். முக்கியம் அந்த எண் அல்ல, ஆறு அறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு. ஐந்து அறைகள் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 காட்டினால் அந்தப் பேட்டரியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், யாரும் பீடி சிகரெட்டோடு எட்டிப் பார்க்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். மூடியே திறக்க முடியாத வகையில் பச்சைக் கண் ஒன்று வைத்திருப்பார்கள். அது ஓர் அறையின் நிலையை மட்டும் சொல்லும், மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கொள்ளளவை அளக்க, பேட்டரியை வண்டியில் மாட்டும் முன் செய்யக்கூடிய ஒரு சோதனையை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். 35 ஆம்பியர்-மணி என்று அச்சிடப்படுவது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு: அதாவது 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுத்து 10.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். நம் அதிர்ஷ்டம், இண்டிகேட்டரிலும் பிரேக் லைட்டிலும் போடும் சாதாரண 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது ஏறக்குறைய அதே 1.75 ஆம்பியர்தான். ஆகவே ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். பிறகு பல்பை இணைத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக வைத்து உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பல்புக்குப் பல்பு கொஞ்சம் மாறும். அதன்பின் மீட்டரை வோல்ட் நிலைக்கு மாற்றி, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியின் டெர்மினல்களில் ஒரு மணிக்கு ஒருமுறை படியுங்கள். பல்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக்மேலோ துணிமேலோ வைக்காதீர்கள்.

முதல் பல மணி நேரம் சலிப்பாக இருக்கும், 12.5, 12.4, 12.3 என்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். 11.8-ஐத் தாண்டிய பிறகு சரிவு வேகமெடுக்கும், 11.3-க்குப் பிறகு மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடும். எனவே பன்னிரண்டாவது மணியிலிருந்து பக்கத்திலேயே இருங்கள், அல்லது அந்த நேரம் பகலில் வரும்படி சோதனையை மாலையில் தொடங்குங்கள். 10.5 வந்ததும் உடனே பல்பைக் கழற்றிவிட வேண்டும். ஓடிய மணி நேரத்தை ஆம்பியரால் பெருக்கினால் வருவது உங்கள் பேட்டரியின் மெய்யான கொள்ளளவு. புதுப் பேட்டரி முதல் சுற்றிலேயே முழுக் கணக்கையும் கொடுத்துவிடாது. 30-க்கு மேல் வந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 25-க்குக் கீழே வந்தால், 3,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது 35 ஆம்பியர்-மணி பேட்டரி அல்ல. சோதனை முடிந்த கையோடு 3 முதல் 3.5 ஆம்பியர் வீதம் ஏறக்குறைய 12 மணி நேரம் சார்ஜ் ஏற்றுங்கள். காலியாக ஒரு நாள் கிடந்தாலே கெடுதல். கார் பேட்டரி அடிமட்டம்வரை இறக்கி ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆயுள் போகும், ஆகவே இந்தச் சோதனையை ஒரே ஒருமுறை செய்தால் போதும். "பேட்டரியைக் கெடுக்கும் சோதனையை ஏன் சொல்கிறீர்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை இறக்குவதிலேயே கெட்டுப்போகும் பேட்டரி, நீங்கள் ஹெட்லைட்டை அணைக்க மறந்த முதல் இரவிலேயே கெட்டிருக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள், கண்டக்டன்ஸ் டெஸ்டர் வைத்திருக்கும் கேரேஜில் ஒருமுறை பார்த்து, வரும் காகிதத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். அந்தக் கருவி கொள்ளளவை அளப்பதில்லை. உள் மின்தடையிலிருந்து ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது. அதனால் ஒற்றை அளவீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. முதல் நாளும் ஆறாவது மாதமும் ஒரே கருவியில் எடுத்த இரண்டு காகிதங்களை ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்கும்.

மாட்டும்போது கழற்றுவது நெகட்டிவ் முதலில், இணைப்பது நெகட்டிவ் கடைசியில். பிடிப்பானை ஆட்டிப் பார்த்து இறுக்குங்கள். நம் சாலைக் குலுக்கலில் தளர்வாக நிற்கும் பேட்டரியின் தகட்டுப் பூச்சு உதிரும், மெல்லிய தகடு கொண்ட மலிவான பேட்டரிக்கு இது இன்னும் ஆபத்து. இன்ஜின் வெப்பத்தைத் தடுக்கப் பேட்டரியைச் சுற்றி உறை இருந்தால், மெக்கானிக் அதைக் கழற்றி வீசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அன்றாடப் பயன்பாட்டில் பார்க்க வேண்டியது ஓய்வு வோல்டேஜ். இரவு நிறுத்திய வண்டியில், காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே பானெட் திறந்திருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, அளந்து எழுதி வையுங்கள். 12.5, 12.6 என்று வாரக்கணக்கில் நிற்குமானால் நிம்மதி. பயன்பாடு மாறாமலே ஒவ்வொரு மாதமும் 0.1 வோல்ட் குறைந்து 12.3-க்கு வந்தால், பேட்டரி தானாக இறங்குகிறது அல்லது சார்ஜை வாங்க மறுக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடிக்கும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள்: புதுப் பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும், 9.6-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்த நிலையிலும் உடனே பேட்டரியைக் குற்றம் சொல்லாமல், நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே ஸ்டார்ட் ஆகும் கணத்தில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். அரை வோல்ட் விழுந்தால் கோளாறு எர்த் கேபிளில். பத்து ஆண்டு வண்டியில் இது சர்வ சாதாரணம்.

வாரண்டிக் கணக்குக்கு வருவோம். 24+24 என்றால் முதல் 24 மாதம் மட்டும்தான் இலவச மாற்று. பின் 24 மாதம் புதியதின்மேல் ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியை அச்சிட்ட அதிகபட்ச விலையின்மேல் கணக்கிடுவார்கள், கடையில் விற்கும் விலையின்மேல் அல்ல. பழைய பேட்டரியும் அவர்களிடம் போய்விடுவதால் எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் பல நூறு ரூபாயும் உங்களுக்கு இல்லை. எனவே இரண்டாவது 24-க்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. இலவச மாற்றுக் காலத்தை மட்டும் எடுத்தால் பெயர்பெற்றது மாதத்துக்கு 200 ரூபாய், மலிவானது ஏறக்குறைய 167 ரூபாய். கேள்வி கேட்டவர் நினைத்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. வண்டியை ஐந்து ஆண்டு வைத்திருப்பவர் என்றால் 4,800 ரூபாய் பேட்டரியைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன்; இரண்டு ஆண்டில் விற்பவருக்கு 1,800 ரூபாய் மிச்சம் என்பது உண்மையான மிச்சம்தான், 18 மாத வாரண்டி உண்மையான வாரண்டியாக இருக்கும் பட்சத்தில்.

அது உண்மையானதா என்பது முழுக்க அந்தக் கடையைப் பொறுத்தது. பெரிய நிறுவனத்துக்கு எந்த ஊரிலும் முகவர் உண்டு. வண்டி திருநெல்வேலியில் நின்றாலும் யாராவது வருவார்கள். சிறிய பெயருக்கு உங்கள் தெருமுனைக் கடைதான் நிறுவனம். அந்தக் கடை பல ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கிறதா, அந்தப் பெயரை எவ்வளவு காலமாக விற்கிறார், வாரண்டியில் மாற்றிக் கொடுத்த பழைய பெட்டிகளை எங்கே அனுப்புகிறார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். "பில் வேண்டாமென்றால் இன்னும் முந்நூறு குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பில் இல்லாத பேட்டரிக்கு வாரண்டியும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அச்சிட்ட பெட்டியைக் காட்டிப் "பாருங்கள், எவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் இதையும் நினைவுபடுத்தலாம். பழைய பேட்டரியை வீட்டு வாசலில் வரும் காயலான் வண்டிக்குப் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டியது. கொல்லைப்புறத்தில் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுபவர்களிடம் அல்ல.

சிலர் இந்தச் சோதனையில் இறங்கவே வேண்டாம். சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வசதியுள்ள வண்டிக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குவதற்கென்றே செய்த இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். அதில் சாதாரண மலிவான பேட்டரி மாதங்களில் முடிந்துவிடும். டீசல் வண்டிக்கு ஸ்டார்ட்டர் இழுப்பது அதிகம். இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர்கள், வீட்டில் மருத்துவ அவசரம் வரக்கூடியவர்கள் ஆகியோருக்கும் 1,800 ரூபாய் சேமிப்பு பெரிதல்ல.

போட முடிவு செய்தால், நாட்காட்டியில் பதினாறாவது மாத முடிவில் ஒரு குறி போட்டு வையுங்கள். அன்றைக்கு ஓய்வு வோல்டேஜையும் ஸ்டார்ட் வோல்டேஜையும் மறுபடி அளந்து, அதே கேரேஜில் டெஸ்டர் காகிதத்தையும் எடுத்துவிடுங்கள். மலிவான பேட்டரிகள் வாரண்டி முடிந்த மறுவாரம் படுப்பதாகச் சொல்வதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கிறது. உண்மையில் அவை அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இறங்கத் தொடங்கியிருக்கும், நம் ஊரில் குளிர் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. எண்கள் விழுந்திருந்தால், முதல் நாள் எழுதிய அளவுகளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகாமல், வண்டியோடு கடைக்குப் போங்கள். ஆல்டர்நேட்டர் சரியாக இருக்கிறது என்பதை அங்கேயே அளந்து காட்ட வேண்டியிருக்கும்; வாரண்டியை மறுக்க அவர்கள் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் அதுதான்.